எண் வரும்வரை

சிகாகோ,
செப்டம்பர் 9, 2007

அன்பு அனாரா அக்காவுக்கு,

மீரிம் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். டாமிரா அண்ணி போடும் சாப்பாட்டில் கன்னம் உப்பிவிட்டது. அப்பாவுக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குபாத் அண்ணன் பெரியப்பா மகன் என்றாலும் கூடப்பிறந்தவர்போலப் பார்த்துக்கொள்கிறார். லாரியை எடுத்துக்கொண்டு போனால் பத்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புகிறார். அதுவரை அண்ணிக்கு நான் பேச்சுத்துணை, எனக்கு அண்ணி.

நீ கொடுத்தனுப்பிய தயிர் உருண்டைகள் வந்து சேர்ந்தன. வகுப்பில் ஒருத்திக்கு ஒன்று கொடுத்தேன். சுண்ணாம்புக்கட்டி என்று நினைத்துத் துப்பிவிட்டாள். மிச்சம் எல்லாம் எனக்கே!

படிப்பு டிசம்பரில் முடிகிறது. வாக்கு வாக்குதான் அக்கா, புத்தாண்டுக்கு நம் ஊர் நரினில் இருப்பேன்.

ஒரே ஒரு வயிற்றெரிச்சல். இந்த ஊரில் மனிதனாக நடமாட ஒன்பது இலக்கத்தில் ஒரு எண் வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் என்று பெயர். வீடு வாடகைக்குக் கேட்டால் எண்ணைக் கேட்கிறார்கள், கைப்பேசி கேட்டாலும் அதையே கேட்கிறார்கள். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து படிக்க வந்தவர்களுக்கு, முறையாக ஒரு வேலை கிடைத்தால்தான் அதைத் தருவார்கள். நேற்று கைப்பேசிக் கடைக்காரன், "நம்பர் இல்லையா? அப்ப வீட்ல பெரியவங்களைக் கூட்டிட்டு வாம்மா" என்றான். இருபத்தாறு வயதுக் கழுதையைப் பார்த்து! சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். பேருந்தில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

அப்பாவுக்கு என் முத்தம்.

உன்,
மீரிம்

---

நரின்,
அக்டோபர் 2, 2007

அன்புத் தங்கை மீரிமுக்கு,

அனாரா எழுதுவது. அப்பா அப்படியேதான் இருக்கிறார். கை அசையவில்லை. பேச்சு குழறுகிறது. "மீரிம் எப்ப வர்றா?" என்பது மட்டும் தெளிவாக வருகிறது. என் முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறேன், அதனால் வேலைக்குக் குறைவில்லை.

போன மாதக் காற்றில் நம் வீட்டு மின்கம்பி அறுந்துவிட்டது. மின்வாரியத்திலிருந்து போலோத் என்று ஒருவர் வந்து சரிசெய்தார். தலாஸ்காரர். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் அப்பாவைத் தூக்க முடியாமல் தூக்குவதைப் பார்த்துவிட்டு, அவரே வந்து அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார். மறுநாளும் "கம்பியை ஒரு தடவை பார்த்துடறேன்" என்று வந்தார். கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. போன வாரம் அவருடைய அம்மா தலாஸிலிருந்து வந்து, நம் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார்.

என் காதுத் துளைகள் தூர்ந்துபோயிருந்தன. மறுபடியும் குத்திக்கொண்டேன்.

நீ விமானம் ஏறும்போது சொன்னது நினைவிருக்கிறதா? "ஒன்றரை வருஷம் நீ அப்பாவைப் பார்த்துக்கோ, அப்புறம் என் முறை" என்றாய். நான் அதை மறக்கவில்லை. நீ வரும் தேதியை எழுது. சுற்றி வளைக்காமல் தேதியை எழுது.

அனாரா

---

சிகாகோ,
அக்டோபர் 27, 2007

என் செல்ல அக்கா,

நலம் எல்லாம் பிறகு. முதலில் உட்கார், உட்கார்ந்துகொண்டு படி!

எனக்குப் பயிற்சி வேலை கிடைத்துவிட்டது. பக்கத்து ஊர் நகராட்சியின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். ஜனவரி பதினான்காம் தேதி சேர வேண்டும். என் படிப்புக்கு ஏற்ற வேலை என்பதால் கல்லூரியே அனுமதி தருகிறது. வேலைக் கடிதத்தைக் காட்டினால், மாணவர் அனுமதித் தாளில் இந்த வேலையைக் குறித்துத் தருவார்கள். அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அரசு அலுவலகத்துக்குப் போனால், எண் போட்ட அட்டை தபாலில் வீடு தேடி வரும். அண்ணி வீட்டு முகவரிதான் கொடுக்கப்போகிறேன். வேலை தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும், அதனால் டிசம்பர் நடுவில் போவேன்.

ஒரு சங்கடம் உண்டு. ஊருக்கே குடிக்கத் தரும் தண்ணீர் என்பதால், ஆளைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். விசாரிக்க அந்த எண் வேண்டும். பதினான்காம் தேதிக்குள் எண் கையில் இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆனால் அட்டை இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்கிறார்கள்.

இதற்காகப் படிப்பை ஒரு பருவம் நீட்டிவிட்டேன். புத்தாண்டுக்கு வர முடியாது, மே மாதம் வருகிறேன். பிடித்துப்போனால் இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வார்களாம், அதை அப்போது பார்க்கலாம். ஆறு மாதம்தானே அக்கா, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

அது இருக்கட்டும், முப்பத்தாறு வயதில் என்ன காதுகுத்து? எந்த மாமியார் தோடு போட்டு நிச்சயம் செய்ய வரிசையில் நிற்கிறாள்? உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக்காட்டி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கம்பிக்காரரைக் கேட்டதாகச் சொல்!

அப்பாவை உச்சிமுகர்ந்ததாகச் சொல்லு.

மீரிம்

---

நரின்,
நவம்பர் 25, 2007

மீரிமுக்கு,

உன் கடிதம் வந்தது. மிகவும் மகிழ்ச்சி. நாங்கள் இருக்கிறோம்.

நீ புத்தாண்டுக்கு வரவில்லை என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அதை நீயே எழுது, படித்துக் காட்டுகிறேன். மே என்றால் மே மாதம் எத்தனையாம் தேதி?

டாமிரா பகலில் வீட்டில்தான் இருக்கிறாளா? அவளோடு பேசி நாளாகிவிட்டது. அந்த வீட்டுத் தபாலை யார் எடுப்பார்கள்?

குளிர் தொடங்கிவிட்டது. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அனாரா

---

சிகாகோ,
டிசம்பர் 19, 2007

அன்பு அக்கா,

உன் கடிதமா அது, தந்தியா? கோபமாக இருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிடு, நான் தாங்குவேன். இங்கே எல்லாரும் சுகம். அண்ணிதான் தலைவலி என்கிறாள், சரியாகப் பேசுவதில்லை. "அக்கா ஃபோன் பண்ணாங்க" என்று மட்டும் சொன்னாள். அவளிடம் பேசினாய், எனக்கு ஒரு வார்த்தை இல்லையா?

நேற்று அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பித்துவிட்டேன்! வாசலில் காவலாளி பையைத் துழாவினான். சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒரு தாத்தா, அட்டையைத் தொலைத்துவிட்டு நான்காவது தடவையாக வந்திருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் பின்னல் சட்டை போட்ட ஒரு அம்மாள். பாஸ்போர்ட், அனுமதித் தாள், கல்லூரிக் கடிதம், வேலைக் கடிதம் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"ரெண்டு வாரத்துல தபால்ல வந்துரும்மா."

"வரலைன்னா?"

"வந்துரும்."

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கையைப் பிடித்து முத்தமிட்டிருப்பேன். நடுவில் கண்ணாடி இருந்தது.

எண் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கைப்பேசிக் கடைக்குப் போகப்போகிறேன். உனக்கு என்ன வாங்கி அனுப்பட்டும்? தோடு? சிரிக்காதே, நிஜமாகத்தான் கேட்கிறேன்.

மீரிம்

---

சிகாகோ,
ஜனவரி 20, 2008

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. உன்னைத் தவிர யாரிடம் அழுவேன்?

அட்டை வரவில்லை. புத்தாண்டு கழிந்த நாளிலிருந்து கல்லூரி விட்டதும் ஓடிவந்து கேட்பேன். "நானே எடுத்துப் பார்த்துட்டேன் மீரிம், ஒண்ணுமில்ல" என்பாள் அண்ணி, முகத்தைக்கூடத் திருப்பாமல். அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா என்றேன்.

"ஐயையோ, அதை மட்டும் செஞ்சிடாத! எங்க மாமா ஊர்ல பாஸ்போர்ட் என்னாச்சுன்னு ரெண்டு தடவை கேட்டாரு. கடுப்புல அவரு ஃபைலை அடியில சொருகிட்டாங்க. ஒரு வருஷம் ஆச்சு வெளிய வர."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம் ஆட்களில் யார்தான் அரசாங்க ஜன்னலைத் தட்டுவோம்? வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பதினான்காம் தேதி காலையில் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைத்தார்கள். "ரொம்ப வருத்தமா இருக்கு, அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டோம்" என்றார்கள். அடுத்தவள் என் வகுப்புக்காரிதான். தயிர் உருண்டையைத் துப்பினாளே, அவளேதான்.

என்னை ஏமாற்றிவிட்டார்கள் அக்கா. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. தபால்காரரையா, அந்தப் பின்னல் சட்டை அம்மாளையா? இரவெல்லாம் அண்ணி என் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், பாவம்.

பருவத்துக்குப் பதிந்தாகிவிட்டது. அதனால் இங்கேயே இருந்து வேறு இடம் தேடப்போகிறேன். இரண்டு வரியாவது எழுது. நீ எழுதினால் தெம்பாக இருக்கும்.

உன் மீரிம்

---

நரின்,
பிப்ரவரி 10, 2008

அன்பு மீரிம்,

இந்த மாதிரிக் குளிரை நான் பார்த்ததில்லை. கிணற்றுக் கயிறு கம்பிபோல் விறைத்து நிற்கிறது. மின்சாரம் வருவதே இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுச் சளி, இப்போது தேவலை. அவருக்கு என் போர்வையையும் போட்டுவிட்டு, நான் அடுப்போரம் படுக்கிறேன்.

அழாதே. வேலைதான் போய்விட்டதே, இனி அங்கே என்ன இருக்கிறது? மார்ச்சில் நோரூஸ் பண்டிகைக்கு முன்னால் வந்துவிடு. படிப்பு டிசம்பரிலேயே முடிந்திருக்க வேண்டியது என்று நீதான் எழுதினாய். கெஞ்சிக் கேட்கிறேன், வந்துவிடு. இந்த இருபத்தாறு வருடத்தில் உன்னிடம் நான் எதையாவது கேட்டிருக்கிறேனா?

தேதியை எழுது.

அக்கா

---

சிகாகோ,
மார்ச் 23, 2008

அனாராவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

நேற்று அண்ணி வீட்டில் நோரூஸ் விருந்து. ஊர்க்காரர்கள் இருபது பேர் வந்துவிட்டார்கள். உட்காரப் போதவில்லை என்று, பெட்டியின்மேல் அடுக்கியிருந்த மெத்தைகளை இறக்கச் சொன்னார் குபாத் அண்ணன். அண்ணியின் சீர் மெத்தைகள் அவை, அவள் யாரையும் தொட விடுவதில்லை. நான் ஒன்றை உருவினேன். மெத்தைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வெள்ளை உறை விழுந்தது. அரசாங்க முத்திரை, என் பெயர். ஜனவரி இரண்டாம் தேதி அனுப்பியது.

அண்ணி சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நானா செய்யல மீரிம். உங்க அக்காதான் ஃபோன்ல அழுதாங்க. 'கொஞ்ச நாள் ஒளிச்சு வை, வேலை கைவிட்டுப் போனா அவ வந்துடுவா'ன்னாங்க. நான் முடியாதுன்னேன். எங்க அம்மா செத்தப்ப மூணு ராத்திரி என்கூட உட்கார்ந்திருந்தது அவங்கதான். எப்படி மறுப்பேன்?" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "அதை அவங்க வாயால சொல்லட்டும்" என்று தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். விருந்தாளிகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

என் எண் அந்த மெத்தைகளுக்கு நடுவில் இரண்டரை மாதம் தூங்கியிருக்கிறது. நான் அந்த மெத்தைக்குப் பக்கத்தில் படுத்து அழுதிருக்கிறேன்.

பின்னல் சட்டை அம்மாள் அன்றே வாசல் வரைக்கும் குரல் கேட்கும்படி, "சந்தேகம்னா வாம்மா" என்று சொல்லியிருந்தார். வந்து கேட்டால் அங்கேயே எண்ணைச் சொல்லிவிடுவார்களாம். கல்லூரி அலுவலகத்திலும் அப்படித்தான் சொன்னார்கள் என்று தோழி சொல்கிறாள். எனக்குத்தான் கேட்கப் பயம்.

என் அழுகைக் கடிதத்தை நீ படித்தாய். படித்துவிட்டு, "அழாதே" என்று எழுதினாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எதிரி செய்தால் தாங்கியிருப்பேன். அம்மா போன பிறகு எனக்குச் சடை பின்னிவிட்ட கை இது. ஏன் அக்கா? பொறாமையா? நான் நன்றாக இருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

மீரிம்

---

நரின்,
ஏப்ரல் 14, 2008

மீரிமுக்கு,

அப்பா நலம். முதலில் அதைத் தெரிந்துகொள்.

நான்தான் சொன்னேன். டாமிராவைத் திட்டாதே. அவள் இரண்டு தடவை முடியாது என்றாள்.

நவம்பரில் போலோத்தின் அம்மா வந்து எனக்குத் தோடு போட்டார். வெள்ளியில் சிவப்புக் கல். நீ புத்தாண்டுக்கு வந்துவிடுவாய், நோரூஸ் முடிந்ததும் கல்யாணம், போலோத்துக்குச் சொந்த ஊருக்கே மாற்றல், நானும் தலாஸுக்குப் போவேன் என்று பேச்சு. அன்று மாலையே உனக்கு எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பையன் உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். எந்த மாமியார் வரிசையில் நிற்கிறாள் என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்ததாக எழுதியிருந்தாய். பேனாவை மூடி வைத்துவிட்டேன். சிரித்தவளிடம் எப்படிச் சொல்வது?

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமே என்று நீ கேட்பாய். வழியில் மலைக் கணவாய்கள் இருக்கின்றன. அப்பாவின் பலவீனமான இதயத்தோடு அவ்வளவு உயரம் கூடாது என்றுவிட்டார் டாக்டர். போலோத்தின் அம்மாவிடம் மே வரைக்கும் பொறுக்கச் சொன்னேன். "மே வந்தா இன்னும் ஒரு வருஷம்னு சொல்லுவா. போனவங்க திரும்பி வந்து நான் பார்த்ததில்லம்மா. எம் பையனுக்கும் நாப்பத்து மூணு ஆச்சு" என்றார். போலோத் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் செய்தேன். உனக்கு வேலை ஆயிரம் கிடைக்கும், ஒன்று போனால் போகட்டும் என்று நினைத்தேன். துரோகம்தான். வேறு பேர் வைக்க நான் முயலவில்லை. உன் அழுகைக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மீரிம், ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வேலை போனது, எண்ணும் வரவில்லை. அப்போதும் நீ வரவில்லையே.

நோரூஸ் கழிந்து மூன்றாம் நாள் அந்த அம்மாள் வந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன். நானே தோட்டைக் கழற்றி ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு காதில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

அந்த எண் ஆயுளுக்கும் உன்னுடையதுதான் என்று டாமிரா சொன்னாள். நாட்டை விட்டு வந்தாலும் மாறாதாம், பத்து வருடம் கழித்துப் போனாலும் அதே எண் இருக்குமாம். கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. உன்னுடையது உன்னிடம் திரும்பிவிட்டது.

அனாரா

---

சிகாகோ,
மே 6, 2008

அக்கா,

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். கடைசியைத் தவிர ஒவ்வொன்றிலும் தேதி கேட்டிருக்கிறாய். நான் ஒன்றிலும் எழுதவில்லை. கைப்பேசிக் கடைக்காரனைப் பற்றி எழுதியிருக்கிறேன், தயிர் உருண்டையைப் பற்றி எழுதியிருக்கிறேன். "என் முறை" என்ற சொல்லைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன்.

ஜூன் பத்தொன்பது, வியாழக்கிழமை. பிஷ்கெக்கில் இறங்கி, மாலைப் பேருந்தில் நரினுக்கு வந்துவிடுவேன். வேறொரு பரிசோதனைக் கூடம் போன வாரம் கூப்பிட்டது. இப்போது எண் இருப்பதால் உடனே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. நேரில் பார்த்தால் கத்துவேன், அப்பா இருக்கிறார் என்றுகூடப் பார்க்க மாட்டேன். ஆனால் அப்பாவை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். போலோத்துக்கு இன்றே சொல்லி அனுப்பு. அவர் அம்மா நம்பவில்லையென்றால் நானே தலாஸுக்குப் போய் அவர் காலடியில் உட்கார்ந்து பேசுகிறேன்.

டாமிரா அண்ணி உனக்குப் புது மெத்தை ஒன்று தைத்துக் கொடுத்தனுப்புகிறாள். வாங்க மாட்டேன் என்றேன், பிறகு வாங்கிக்கொண்டேன்.

மீரிம்

---

நரின்,
மே 24, 2008

மீரிமுக்கு,

தேதி கிடைத்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இடது கையால் காலண்டரைக் காட்டினார், பத்தொன்பதாம் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போலோத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியில் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கம்பி மாற்ற வந்த வேறு ஆட்கள் சொன்னார்கள். கராகோல் ஊர்ப் பெண்ணாம், நல்ல மாதிரியாம். தோடு அதேதான் என்று நினைக்கிறேன், நான் கேட்கவில்லை.

நீ தலாஸுக்குப் போய் யார் காலடியிலும் உட்கார வேண்டாம். கத்துவதென்றால் கத்து, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. எனக்கும் கத்த வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ஒரு ராத்திரி போதும் நம் இருவருக்கும்.

அப்பாவின் மாத்திரைகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறேன். சூப்பில் உப்பு போடாதே, கேட்டாலும் போடாதே. அவரைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் போலோத்.

இருபதாம் தேதி காலைப் பேருந்தில் நான் கிளம்புகிறேன். பிஷ்கெக்கில் ஒரு தையற்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. அங்கேயே இருப்பேனா, இன்னும் தூரம் போவேனா, தெரியாது. சொன்னபடி இது உன் முறை.

நான் எப்போது திரும்பி வருவேன் என்று கேட்டு எழுதாதே.

அனாரா